கைக்குழியில் போன வரிகள்

ஒரு தாளின் முன்பக்கம் ஒருவருக்கும் பின்பக்கம் வேறொருவருக்கும் சொந்தம் என்றால், அந்தத் தாள் யாருடையது?

இந்தக் கேள்வியை டெய்லரக்கா ஒருநாள் என்னிடம் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. "இத்தனை வருஷம் பள்ளிக்கூடம் போய் இது தெரியலையா?" என்று சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோக்கத் தொடங்கினார். அன்று அவருக்கும் பதில் தெரியாது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அது தெரியாமல் அவர் பட்ட பாட்டைத்தான் இங்கே எழுதுகிறேன்.

டெய்லரக்கா முதன்முதலில் காசு வாங்கித் தைத்தது மனிதர்களுக்கு அல்ல, பேருந்துக்கு. அவருடைய கணவர் பேருந்து ஓட்டுநர். கல்யாணமான புதிதில், வண்டியின் இருக்கைகள் கிழிந்து பஞ்சு வெளியே தள்ளிக்கொண்டிருப்பதைப் பார்த்து, "ஒரு ஊசி குடுத்தா நானே தைச்சிடுவேன்" என்று அக்கா சொல்லிவிட்டார். மறுநாளே டிப்போவிலிருந்து இருக்கை உறைகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோமே என்று முனகிக்கொண்டே எல்லாவற்றையும் தைத்து முடித்தார். அந்தக் காசில் மெஷின் வாங்கினார். மனிதர்களுக்குத் தைக்க வந்த பிறகுதான் கஷ்டம் புரிந்தது. "பஸ் சீட்டுக்கு ஒரு தடவை அளவெடுத்தா போதும். அது சாப்பிடாது, தூங்காது, பிள்ளை பெத்துக்காது. மனுஷ உடம்பு அப்படியா?" என்பார்.

மனித உடம்பு அப்படி இல்லை என்பதை மனிதர்களிடம் சொல்லாமல் இருப்பதில்தான் அக்காவின் தொழில் திறமை இருந்தது. துணியோடு வருகிறவர்களை அவர் இரண்டாம் முறை அளவெடுப்பதே இல்லை. ஏற இறங்க ஒரு பார்வை. "உங்களுக்கு அதே அளவுதான், மாறவே இல்லை" என்று ஒரு வார்த்தை. வந்தவர் கால் தரையில் படாமல் வீட்டுக்குப் போவார். அவர் தலை மறைந்ததும் அக்கா கம்பியில் தொங்கும் அவருடைய பேப்பர் கட்டிங்கை எடுத்து, ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குக் காகிதப் பட்டி ஒட்டுவார். துணியின் மேல் வைத்து வெட்டுவதற்காக ஆளுக்கு ஆள் தனித்தனியாக வைத்திருக்கும் காகித அச்சுதான் பேப்பர் கட்டிங். முதுகுக்கு ஒன்று, முன்புறத்துக்கு ஒன்று, கைக்கு ஒன்று. பட்டி ஒட்டிய அச்சை வைத்து வெட்டினால் சட்டை கச்சிதமாக உட்காரும். இப்படியாக எங்கள் தெருவில் பல வருஷங்களாக யாருமே குண்டாகவில்லை.

அந்தக் காகிதமெல்லாம் புரொபசர் கொடுத்தது. அக்கா மெஷின் போட்டிருந்தது புரொபசர் வீட்டு முன்னறையில். பின்னறைகளில் அவர் இருந்தார். நடுவில் ஒரு கதவு, அது சரியாக மூடாது. பல்கலைக்கழகத்தில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்ற அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மிச்சமான நேரத்தையெல்லாம் ஒரே ஒரு புத்தகத்துக்குக் கொடுத்திருந்தார். மனிதர்கள் வரிசையில் நிற்கக் கற்றுக்கொண்டது எப்படி என்பது அந்தப் புத்தகம். "எப்ப சார் முடியும்?" என்று அக்கா கதவு இடுக்கு வழியாகக் கேட்டால், "நாளைக்கு" என்று பதில் வரும்.

புரொபசர் சாதாரண நோட்டில் எழுத மாட்டார். பக்கம் திருப்பினால் யோசனை அறுந்துபோகிறதாம். சுவரில் மாட்டும் படம் அளவுக்குப் பெரிய கெட்டித் தாள்களை வாங்கி, மேஜை முழுக்க விரித்து, ஒரு பக்கம் மட்டும் எழுதுவார். எழுதியது பிடிக்காவிட்டால் சுருட்டி எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வருவார். "இது உதவாதும்மா. நீ சட்டை வெட்டிக்கோ." அக்காவுக்கு அது கொள்ளை லாபம். கெட்டித் தாள், பெரிய தாள், பின்பக்கம் வெறுமை. ஆள் அடையாளத்துக்கு அந்தப் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிக்கொள்வார்.

அந்த எழுத்தில்தான் வில்லங்கம். தெருவில் ஒரே பெயரில் நாலைந்து பேர் இருந்தார்கள். பெயர் எழுதினால் குழப்பம் வரும் என்று அக்கா பட்டப்பெயர் எழுதினார். அளவெடுக்கும்போது வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்ளும் மளிகைக்கடை அம்மாவுக்கு 'மூச்சு விடாதவங்க'. ஒரு தோள் இறங்கிய தலைமை ஆசிரியைக்கு 'சாஞ்ச கோபுரம்'. தபால்காரருக்கு 'வருஷம் ஒரு விரல்'. புரொபசரின் சட்டைக்கும் ஒரு அச்சு இருந்தது, அதில் 'நாளைக்கு'. தன் கணவரின் அச்சில் 'என் தலையெழுத்து' என்று எழுதியிருந்தார். கண்ணாடி போடாத கணவர் அதை இதுவரை படித்ததில்லை.

புரொபசர் ஒருநாள் மதியத் தூக்கத்தில் அப்படியே போய்விட்டார். அவருடைய தங்கை வெளியூரிலிருந்து வந்து காரியங்களைப் பார்த்துவிட்டு, அண்ணனின் காகிதங்கள் அனைத்தையும் பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்துக்குக் கொடுப்பதாக எழுதிக் கொடுத்தார். அந்த வாரம் அக்கா மகளின் பிரசவத்துக்காக மகள் வீட்டுக்குப் போயிருந்தார். பேத்தியைப் பார்த்த பூரிப்போடு திரும்பி வந்து முன்னறையைத் திறந்தால், மெஷின் இருந்தது, கத்தரிக்கோல் இருந்தது, நூல்கண்டுகள் இருந்தன. கம்பி இல்லை. கம்பியில் தொங்கிய தெருவும் இல்லை.

"ஏங்க, கம்பி எங்க?"

"யுனிவர்சிட்டிலேருந்து வந்தாங்கள்ல, எடுத்துட்டுப் போனாங்க" என்றார் ஓட்டுநர் நிதானமாக. "ரொம்ப மரியாதையான பிள்ளைங்க. கையுறை போட்டுக்கிட்டுத் தூக்கினாங்க. வரிசை கலையக் கூடாதுன்னு கம்பியோட அப்படியே கழட்டினாங்க. நான்தான் ஒரு முனையைப் பிடிச்சேன்."

"நீங்க பிடிச்சீங்களா?"

"டீயும் போட்டுக் குடுத்தேன்."

அக்கா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "பொண்டாட்டி பொழப்பைத் தூக்கிக் குடுத்துட்டு டீயும் போட்டுக் குடுத்தாராம். எழுதி வெச்சது சும்மாவா?"

"எதை எழுதி வெச்ச?"

"ஒண்ணுமில்ல. போய் வண்டியை எடுங்க."

மறுநாள் அக்கா பல்கலைக்கழகத்துக்குப் போனார். காப்பகம் நூலகத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. வாசலில் காவலாளி ஒரு பிளாஸ்டிக் தட்டை நீட்டினார். கத்தரிக்கோல் தட்டில் விழுந்தது. டேப் விழுந்தது. காதோரம் செருகியிருந்த சாக்பீஸ், தோளில் குத்தியிருந்த குண்டூசிகள், கைப்பைக்குள் இருந்த ஊசிப்பெட்டி எல்லாம் விழுந்தன.

"வேற ஏதாவது ஆயுதம் இருக்காக்கா?"

"நாக்கு இருக்கு. அதையும் வெச்சுட்டுப் போகணுமா?"

"உள்ள அதுக்கு வேலையே இல்லக்கா. எடுத்துட்டுப் போங்க."

உள்ளே காப்பகத்து மேடம் இருந்தார். சங்கிலி போட்ட மூக்குக்கண்ணாடி, சாம்பல் நிறக் கோட்டு. கோட்டின் நடுப் பொத்தான் ஒற்றை நூலில் ஊசலாடிக்கொண்டிருந்தது. அக்காவின் கண் அதிலேயே போய் நின்றது. கை பரபரத்தது, ஊசி வாசலில் இருந்தது. விஷயத்தைச் சொன்னார். மேடம் தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

"சட்டை வெட்டுற காகிதம்னு பார்த்தவுடனே தெரிஞ்சுதும்மா. எங்க வீட்டுலயும் தையல் உண்டு. ஆனா திருப்பித் தர முடியாது."

"என் பொருள், மேடம்."

"உங்க பொருள்தான். ஆனா முன்பக்கம் பாருங்க. புரொபசர் வீட்டுல வெச்சிருந்த பிரதி எல்லாத்தையும் படிச்சுட்டேன். உதவாதுன்னு உங்ககிட்ட குடுத்ததுதான் நல்லாயிருக்கு. நல்லாயிருக்குன்னு அவர் வெச்சுக்கிட்டது அவ்வளவு சொகமில்ல. அவரோட புத்தகம் இப்ப இருக்கிறதே உங்க சட்டைங்கள்லதான்."

அக்காவுக்குப் புரொபசர் மேல் முதல்முறையாகக் கோபம் வந்தது. பாவமாகவும் இருந்தது.

"அதனால கண்காட்சி வைக்கிறோம்" என்றார் மேடம் உற்சாகமாக. "உங்க தெருவுல எல்லாருக்கும் அழைப்பு போயிடுச்சு. நூல்ல கட்டித் தொங்க விடப்போறோம். ரெண்டு பக்கமும் சுத்தி வந்து பார்க்கலாம்."

மளிகைக்கடை அம்மா சுற்றி வந்து தன் பட்டப்பெயரைப் படிக்கும் காட்சி அக்காவின் கண்முன் வந்து நின்றது. கடன் சொல்லாமல் காசு கொடுக்கும் வாடிக்கையாளர். அவரைவிடப் பெரிய பயம் தலைமை ஆசிரியை. அவர் முன்னால் தெருநாய்கூட ஓரமாகத்தான் நடக்கும். இத்தனை வருஷம் கட்டி வளர்த்த நம்பிக்கை மொத்தமும் ஒரு மின்விசிறிக் காற்றில் திரும்பிக் காட்டப்போகிறது.

"மேடம், குறைஞ்சபட்சம் பார்க்கவாவது விடுவீங்களா?"

"தாராளமா. வாசகர் அட்டை போட்டா யார் வேணாலும் பார்க்கலாம். ஆய்வுத் தலைப்பு என்னன்னு போடட்டும்?"

அக்கா கொஞ்சம் யோசித்தார். "முதுகு" என்றார்.

அப்படியே அச்சாகி வந்தது. அந்த அட்டை இன்னும் அவருடைய மெஷின் மேஜை இழுப்பறையில் இருக்கிறது.

வாசிப்பு அறையில் பேச்சுமூச்சு இல்லை. நீள மேஜைகளில் நாலைந்து பேர் தலையைக் கவிழ்த்துக்கொண்டு பழைய காகிதங்களைப் படித்துக்கொண்டிருந்தார்கள். அக்காவின் அச்சுகளை ஒரு பெரிய தட்டைப் பெட்டியில் கொண்டுவந்து வைத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவே மெல்லிய வெள்ளைக் காகிதம், ஒவ்வொன்றின் மூலையிலும் எண். பிறந்த பேத்தியைக்கூட யாரும் இவ்வளவு பதமாகப் படுக்க வைக்கவில்லை என்று அக்காவுக்குத் தோன்றியது. வரிசையும் மாறவில்லை. யாரும் யாரோடும் சண்டை போடாத மாதிரி ஒரு வரிசையில் தொங்கவிடுவது அக்காவின் வழக்கம், அந்த வரிசையில்தான் ட்ரையல் பார்க்கக் கூப்பிடுவார். மளிகைக்கடை அம்மாவுக்கும் தபால்காரர் மனைவிக்கும் ஆகாது, அவர்களுக்கு நடுவே ஐந்தாறு முதுகுகள். அதே ஐந்தாறு முதுகுகள் இங்கேயும் நடுவில் படுத்திருந்தன.

அக்கா வந்தது படிக்க அல்ல, அழிக்க. பேனா அனுமதி இல்லை, பென்சில் கொடுத்தார்கள். ஆசையோடு பென்சிலைத் திருப்பிப் பார்த்தார். ரப்பர் இருக்க வேண்டிய இடத்தில் மொட்டையாக வெட்டியிருந்தது. மேஜையில் இருந்த எல்லாப் பென்சிலும் மொட்டை. தன்னைப் போன்றவர்கள் முன்னமே இங்கே வந்து போயிருக்கிறார்கள் என்று அக்காவுக்குப் புரிந்தது.

அக்கம் பக்கம் பார்த்தார். ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டார். 'சாஞ்ச கோபுரம்' மேல் விரலை வைக்கப்போன நேரம், தோளுக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடிச் சங்கிலி கிணுகிணுத்தது.

"அம்மா" என்றார் மேடம் தணிந்த குரலில். "அதை மட்டும் செஞ்சிடாதீங்க."

கையும் எச்சிலுமாக மாட்டிக்கொண்ட அக்காவுக்கு வேறு வழியில்லை. எல்லாவற்றையும் சொன்னார். மேடம் அந்தப் பென்சில் எழுத்துகளை ஏற்கெனவே பார்த்திருந்தார். 'பின்பக்கத்தில் குறிப்புகள் உள்ளன, பொருள் தெரியவில்லை' என்று விவரப் பட்டியலில் எழுதியும் வைத்திருந்தார். அக்கா ஒவ்வொன்றாகப் பொருள் சொல்லச் சொல்ல, மேடத்தின் முகம் போன போக்கே வேறு. 'வருஷம் ஒரு விரல்' வரை தாக்குப்பிடித்தார். 'என் தலையெழுத்து' என்றதும் வாயைப் பொத்திக்கொண்டு மேஜையில் கவிழ்ந்துவிட்டார். படித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். யாரோ "உஷ்" என்றார். அந்த அறையில் மேடத்தைப் பார்த்து "உஷ்" சொன்னது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். அந்தக் குலுக்கலில் நடுப் பொத்தான் அறுந்து தரையில் உருண்டது.

காவலாளியிடமிருந்து ஊசியை வாங்கி, வராந்தாவில் நின்று அக்கா பொத்தானைத் தைத்துக் கொடுத்தார். தைத்துக்கொண்டிருக்கும்போதே மேடத்துக்கு ஒரு விதி ஞாபகம் வந்தது. உயிரோடு இருக்கிறவர்களின் உடம்பைப் பற்றிய விவரம் எதையும் அவர்கள் காலம் முடியும்வரை காப்பகம் வெளியே காட்டக் கூடாது.

"அளவு உடம்பு விவரம்தானே? பட்டப்பேரும் அதுலதான் சேரும். ஒவ்வொரு அச்சுக்கும் பின்னால கெட்டி அட்டை வெச்சு மூடிடுறேன். முன்பக்கம் எல்லாருக்கும். பின்பக்கம் நம்ம காலத்துக்கு அப்புறம்."

"அப்ப நான் எதை வெச்சு மேடம் துணி வெட்டுறது?"

"வரைபடம் நகல் எடுக்கிற பெரிய மெஷின் இருக்கு. மூடுறதுக்கு முன்னாடி அதே அளவுல நகல் எடுத்துத் தர்றேன். ஆனா எனக்கும் ஒண்ணு வேணும்."

மேடம் அக்காவை உள்ளே கூட்டிப்போய்த் தலைமை ஆசிரியையின் முதுகுத் துண்டை முன்பக்கமாகத் திருப்பினார். புரொபசரின் கையெழுத்து வரிவரியாக ஓடிவந்து, கை நுழைவதற்காக வளைவாக வெட்டிய கைக்குழியில் விழுந்து காணாமல் போயிருந்தது. மேடம் மெல்லப் படித்தார்.

"'வரிசையில் நிற்பவருக்கு முன்னால் நிற்பவரின் முகம் தெரியாது, முதுகுதான் தெரியும். அந்த முதுகு தன்னை ஏமாற்றாது என்று நம்பிய அன்றுதான் மனிதன்' — இங்க வெட்டிட்டீங்க. அன்னைக்கு மனுஷன் என்ன செஞ்சான்? எனக்கு ராத்திரி தூக்கமே வரல. வெட்டின துண்டையெல்லாம் என்ன செஞ்சீங்க?"

அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டார். துண்டுகளை அவர் எறிந்ததில்லை. சட்டை தைத்து முடித்ததும் மிச்சத் துணியை மடித்து, உபரிப் பொத்தான் ஒன்றை உள்ளே வைத்து, அந்தந்த ஆளின் அச்சில் வெட்டிய துண்டுக் காகிதத்தால் சுற்றி, குண்டூசி குத்திக் கொடுத்துவிடுவார். பின்னால் சட்டையைப் பிரித்துப் பெரிதாக்க வேண்டி வந்தால் அந்தத் துணி உதவும். அந்தப் பொட்டலத்தை யாரும் பிரிப்பதில்லை, தூக்கிப் போடுவதும் இல்லை. எல்லார் வீட்டு அலமாரியிலும் அடித்தட்டில் கிடக்கும்.

"அப்ப புத்தகத்தோட மிச்சம் உங்க தெரு அலமாரிங்கள்ல இருக்கா?" என்றார் மேடம்.

அதன் பிறகு அக்கா வீடு வீடாக ஏறி இறங்கினார். "புரொபசர் கையெழுத்தும்மா, யுனிவர்சிட்டிக்கு வேணுமாம். துணியும் பொத்தானும் நீங்களே வெச்சுக்கோங்க, சுத்தின காகிதம் மட்டும் குடுங்க" என்று கேட்டார். அலமாரிகள் கலைந்தன. மளிகைக்கடை அம்மா கடையைச் சாத்திவிட்டுத் தேடினார். தபால்காரர் பொட்டலங்களை முகவரி எழுதி ஒட்டியது போல அடுக்கிக் கொண்டுவந்தார்.

தலைமை ஆசிரியை பொட்டலத்தைக் கொடுப்பதற்கு முன் அக்காவை மேலும் கீழும் பார்த்தார். "திடீர்னு உனக்கு எதுக்கு இந்தப் படிப்பு ஆர்வம்?"

"சும்மாதான் டீச்சர்."

"சும்மாங்கிறவங்க கண்ணு தரையைப் பார்க்காது" என்று சொல்லிக்கொண்டே கொடுத்தார்.

அந்தக் காகிதத்தைக் கைக்குழியில் வைத்துப் பார்த்தார்கள். சந்து தெரியாமல் உட்கார்ந்தது. 'தள்ளுவதை நிறுத்தினான்' என்று இருந்தது அதில். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அன்று இரவு அவர் தூங்கியிருப்பார்.

நகல்கள் வெள்ளை வெளேரென்று வந்து சேர்ந்தன. இஸ்திரிப்பெட்டி சூடாகும்வரை அச்சில் நாலு வரி படிப்பது அக்காவின் பழக்கம். நகலில் ஓரக்கோடும் பின்பக்கக் குறிப்பும் மட்டும்தான் இருந்தன. "ஊமைக் காகிதம்" என்றார் கணவரிடம். ஆனால் மனம் லேசாக இருந்தது. பட்டப்பெயர்கள் அட்டைக்குப் பின்னால் போய்விட்டன. கண்காட்சிக்கு நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

அரங்கத்தில் தெருவே இருந்தது. அச்சுகள் நூலில் தொங்கின, எல்லாவற்றுக்கும் பின்னால் அட்டை. புரொபசரின் தங்கை அண்ணனின் கையெழுத்தைத் தொடாமல் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா நிம்மதியாக மூச்சுவிட்டுக்கொண்டு முதல் அச்சின் அருகே போனார். கீழே ஒரு சின்ன அட்டை இருந்தது. 'விடுபட்ட பகுதியைத் தந்து உதவியவர்: மளிகைக்கடை உரிமையாளர்.'

அடுத்ததில்: 'விடுபட்ட பகுதியைத் தந்து உதவியவர்: தபால்காரர்.'

காப்பகத்தில் ஒரு துண்டுக் காகிதம் கொடுத்தவருக்குக்கூடப் பெயர் போட்டு நன்றி சொல்லாமல் விட மாட்டார்கள். அது அங்கே பரம்பரை மரியாதை. அந்த மரியாதையால் இப்போது எந்த முதுகு யாருடையது என்று தெள்ளத்தெளிவாக எழுதியிருந்தது. அதற்குமேல் முன்பக்கத்திலிருந்தே தெரியும் இன்னொன்று இருந்தது. ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய விரல் அகலப் பட்டிகள். பட்டப்பெயரைப் பற்றியே கவலைப்பட்ட அக்கா பட்டிகளை மறந்தே போயிருந்தார்.

"இதென்ன ஓரத்துல ஒட்டு ஒட்டா இருக்கு?" என்றார் தபால்காரர், தன் அச்சைக் குனிந்து பார்த்து.

அவர் மனைவிக்குப் புரிய நேரம் ஆகவில்லை. "எண்ணிப் பாருங்க, புரியும். ஒவ்வொண்ணும் ஒரு சட்டை."

மளிகைக்கடை அம்மா தன்னுடையதை ஏற்கெனவே எண்ணிவிட்டார். அவர் அக்காவின் பக்கம் திரும்பினார். "அதே அளவுதான், மாறவே இல்லன்னு சொன்னியே. வருஷா வருஷம் சொன்னியே. அப்ப இது என்ன?"

அக்கா பதில் தேடினார். வாசலில் காவலாளியிடம் காட்டிய நாக்கு இப்போது ஒட்டிக்கொண்டது. ஓட்டுநர் தூரத்தில் நின்று என்ன செய்வதென்று தெரியாமல் டீ எங்கே கிடைக்கும் என்பது போலப் பார்த்தார்.

தலைமை ஆசிரியை தன் முதுகின் முன்னால் நின்றிருந்தார். அவருடையதில் பட்டிகள் இல்லை. ஆனால் இடது தோள்கோடு வலது தோளைவிட இறங்கியிருந்தது. அவர் கையால் தன் தோளைத் தொட்டுப் பார்த்தார். சட்டைக்குள் அந்தத் தோளில் மட்டும் மடித்து வைத்துத் தைத்த துணி விரலுக்குத் தட்டுப்பட்டது.

"எனக்கு ஒரு தோள் இறக்கமா?" என்று அக்காவைக் கேட்டார்.

"ஆமா டீச்சர்."

"இத்தனை வருஷம் நேரா நிக்கிறேன்னு நினைச்சுட்டு இருந்தேனே."

"நேராத்தான் நின்னீங்க டீச்சர். துணி கொஞ்சம் கூட நின்னுச்சு, அவ்வளவுதான்."

தலைமை ஆசிரியை புரொபசரின் வரியைக் கைக்குழி வரை படித்தார். தான் கொடுத்த துண்டையும் சேர்த்துப் படித்தார். பிறகு மளிகைக்கடை அம்மாவைப் பார்த்தார், வகுப்பைப் பார்ப்பது போல.

"உன் சட்டை எங்கயாவது பிடிச்சுதா?"

"இல்ல டீச்சர்."

"இறுக்குச்சா?"

"இல்ல."

"பொத்தான் தெறிச்சுதா?"

"இல்ல."

"அப்புறம் என்ன புகார்? பொய் சொன்னது வாய். அளவு சரியாத்தான் வெட்டியிருக்கா."

யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார். தபால்காரர், "எனக்குத்தான் பட்டி அதிகம், பந்தயம்" என்றார். அதன் பிறகு அரங்கத்தைக் கட்டுப்படுத்த முடியவில்லை. ஆளாளுக்கு அடுத்தவர் பட்டியை எண்ணினார்கள்.

எந்த விதியையும் பாதியில் விடாத மேடம் அப்போது பார்த்துத் தலைமை ஆசிரியையிடம் வந்து, "பின்பக்கம் மூடியிருக்கும்மா. ஆனா அது உங்க விவரம். நீங்க கையெழுத்துப் போட்டா உங்களுக்கு மட்டும் திறந்து காட்டலாம்" என்றார் பணிவாக. பேனாவையும் நீட்டினார்.

அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்து மறுபடி போனது. தலைமை ஆசிரியை பேனாவைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். அக்காவின் கண் தரையில் இருந்தது.

"வேண்டாம்" என்றார். "வேலை பார்த்த காலமெல்லாம் பிள்ளைங்க எனக்கு என்னென்ன பேர் வெச்சாங்கன்னு தெரியாத மாதிரியே இருந்தவ நான். இன்னொண்ணு கூடினா தோள் இன்னும் இறங்கிடாது." பிறகு அக்காவின் பக்கம் குனிந்து, "நாளைக்கு வர்றேன். புதுசா அளவெடு. இந்தத் தடவை வாய்விட்டுச் சொல்லு" என்றார்.

சொன்னபடியே வந்தார். அக்கா டேப் வைத்து ஒவ்வோர் அளவையும் உரக்கச் சொன்னார். டீச்சர் சரியான விடை கேட்ட மாதிரி தலையாட்டிக்கொண்டார். தோளில் வைக்கும் துணியை எடுத்துவிடட்டுமா என்று அக்கா கேட்டதற்கு, "இருக்கட்டும், பழகிடுச்சு" என்றார். தபால்காரரும் டேப் வைத்து அளவெடுத்துக்கொண்டார். கோபம் தணிந்து கடைசியாக வந்தவர் மளிகைக்கடை அம்மா. துணியை மேஜையில் வைத்துவிட்டு, இடம் வலம் பார்த்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "எனக்கு மட்டும் பழையபடியே சொல்லு." வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

"உங்களுக்கு அதே அளவுதான்" என்றார் அக்கா. "மாறவே இல்ல."

காப்பகத்தில் அந்தப் பெட்டியின் மேல் இப்போது இப்படி எழுதியிருக்கிறது: 'முன்பக்கம்: புரொபசர். பின்பக்கம்: டெய்லர்.' முதலில் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில் என்று நினைக்கிறேன். தாள் இருவருடையதும்தான், ஒரு பக்கத்தைக் கிழிக்காமல் இன்னொரு பக்கத்தை எடுக்க முடியாத காரணத்தால்.

ஒரே ஒரு கைக்குழி மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது. அந்த அச்சுக்குரியவர் வீட்டை மாற்றிக்கொண்டு வெளியூர் போய்விட்டார், எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. புத்தகத்தின் கடைசி வரி அவருடைய முதுகில்தான் இருக்கிறது. 'ஆகவே, வரிசையில் கடைசியாக நிற்பவர்' என்பதோடு வெட்டியிருக்கிறது. கடைசியாக நிற்பவர் என்ன செய்கிறார் என்று தெரியாமல் மேடத்துக்கு மறுபடியும் தூக்கம் போய்விட்டது. அக்காவுக்கும்தான். அவர் அந்தத் துண்டைச் சுற்றும்போது படித்திருக்கிறாராம், ஞாபகம் வரவில்லையாம்.

அதனால் இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் அலமாரியின் அடித்தட்டைப் பாருங்கள். மிச்சத் துணியும் ஒரு பொத்தானும் வைத்துச் சுற்றிய பழைய பொட்டலம் இருந்தால், துணியை விட்டுவிட்டுக் காகிதத்தைப் பிரித்துப் பாருங்கள். உங்களிடம் இல்லாவிட்டால், ஊர் மாறி வந்து உங்கள் பக்கத்து வீட்டில் குடியிருப்பவரிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். அவரும் இன்னொருவரிடம் சொல்லட்டும். ஒருவர் பின் ஒருவராகப் போனால் எப்படியும் அந்தக் கடைசி ஆளிடம் போய்ச் சேர்ந்துவிடும்.